சித்தி இறந்துபோன வியாழக்கிழமை

சித்தி போய்விட்டாளாம் என்ற செய்தி மூன்று வாய் மாறி என்னிடம் வந்தது. என் தங்கையின் நாத்தனார் கடைத்தெரு வழியாகப் போயிருக்கிறாள். சித்தி வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை பூட்டியிருந்தது. ஷட்டரில் ஒரு வெள்ளைத் தாள்: 'துக்கம் காரணமாக மூன்று நாள் விடுமுறை.' எதிரே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் என்ன ஏது என்று விசாரித்திருக்கிறாள்.

"தெரியலைங்க. உள்ள லென்ஸ் தேய்க்கிற அம்மாவை நேத்துலேர்ந்து காணோம். அவங்களுக்கு முன்னாடியே பெரிய வியாதி வந்துதே, பாவம்."

அவர் சொன்னது அவ்வளவுதான். நாத்தனார் தங்கையிடம் சொன்னபோது அந்தப் 'பாவம்' மட்டும் பெரிதாகியிருந்தது. தங்கை என்னிடம் சொன்னபோது வார்த்தையே இல்லை, அழுகைதான். "அண்ணா, சித்தி... நம்ம சித்தி..." என்றாள். பஸ் ஏறப்போவதாகச் சொன்னாள். எட்டு மணி நேரப் பயணம். பாதி வழியில் அவள் போனில் சார்ஜ் தீர்ந்துபோனது.

நான் இருப்பதோ விமானத்திலேயே பதினோரு மணி நேரம் தள்ளி. மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு தாள், அதை மொழிபெயர்ப்பது என் தொழில். தலைசுற்றல், வாந்தி, அரிதாக மயக்கம், மிக அரிதாக அதற்கு மேலும். சின்ன வயதிலிருந்தே வீட்டில் எனக்கு 'நடுக்கம்' என்று பெயர். இரண்டு மொழிகளில் படித்து வளர்ந்ததில் கண்ட லாபம், இரண்டிலும் சரளமாகப் பயப்படத் தெரியும். "நீ எழுதறதுதான்டா நிஜமான திகில் கதை. நான் எழுதறதெல்லாம் தாலாட்டு" என்பாள் சித்தி.

சித்தி எழுதுவது துப்பறியும் தொடர்கதை. பகலில் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பாள், ஃப்ரேம் வளைப்பாள், கழன்ற திருகாணியைப் போட்டுக் கொடுப்பாள். மாலையில் ஒரு வார இதழுக்குக் கொலை செய்வாள். அவள் கதாநாயகியும் ஒரு கண்ணாடி ரிப்பேர்க்காரிதான். ஒருவர் கழற்றி வைத்த கண்ணாடியைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். ஃப்ரேமின் இடது கை வளைந்திருந்தால் இடப்பக்கம் படுத்துத் தூங்குகிறவர். மூக்குப் பட்டை பச்சையடித்திருந்தால் வியர்வையோடு ஓடித் திரிகிறவர். வலது லென்ஸில் மட்டும் கீறல் விழுந்திருந்தால் அவசரக்காரர், பெட்டியில் வைக்காமல் பையில் போட்டு எடுத்துப் போகிறவர். ஐம்பதாயிரம் பேர் படிக்கும் தொடர் என்று இதழ்க்காரர்கள் சொல்வார்கள். சித்தியோ, "அதுல பாதி பேருக்குப் பவர் சரியில்ல, நான் பாத்திருக்கேன்" என்பாள்.

அந்த வியாழக்கிழமை நான் சித்தியின் எண்ணுக்குப் பத்தொன்பது தடவை அடித்தேன். பத்தொன்பது தடவையும் முழுக்க அடித்து ஓய்ந்தது. அம்மாவிடம் கேட்கலாமென்றால், சித்தி அவளுடைய ஒரே தங்கை. அம்மாவுக்கு இதயம் கொஞ்சம் பலவீனம். வாய் வரவில்லை.

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழுப்பு உறை இருந்தது. அதைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் செய்த முட்டாள்தனம் யாருக்கும் விளங்காது.

பதினான்கு வருடம் பின்னால் போக வேண்டும். சித்திக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்யாணம் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு ஒற்றை ஆளாக இருந்தாள். எழுத்தாளர் ஆக வேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. பதினோரு கதைகள் ஆரம்பித்திருந்தாள். முடித்தது ஒன்றும் இல்லை. கேட்டால், "முடிவு எங்க ஓடிப்போகுது, மெதுவா வரும்" என்பாள். ஒரு நாள் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கண்ணாடி மாட்ட வந்த வாடிக்கையாளர் ஒரு டாக்டர். அவர் கண்ணாடியில் தன்னைப் பார்ப்பதற்குப் பதிலாகச் சித்தியின் கழுத்தைப் பார்த்தார். நிணநீரில் புற்று. ஆறு சுற்று மருந்து. இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், சாய்வு நாற்காலியில் படுத்து, இடது கையில் ஊசியோடு பாட்டில் தீரும் வரை கிடக்க வேண்டும்.

வலது கை சும்மாதானே இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தாள். கடையில் கண் பவர் எழுதி வீணாய்ப்போன சீட்டுகளின் பின்பக்கத்தில். பக்கத்து நாற்காலியில் நீச்சல் பயிற்சியாளரான ஓர் அம்மா படுத்திருப்பார். குளத்தின் அந்தக் கரையில் இருக்கிறவரைக் கூப்பிட்டே பழகிய குரல்.

"என்ன எழுதறீங்க?"

"கொலை."

"யாரை?"

"ஒரு வீட்டுக்காரனை."

"நல்ல காரியம். படிங்க, கேக்கறேன்."

சித்தி படித்தாள். இரண்டாவது சுற்றில் படித்தாள், மூன்றாவதில் படித்தாள். நர்ஸ்கள் கூட மருந்து மாற்றும் சாக்கில் அங்கேயே நிற்பார்களாம். மூன்றாவது சுற்று முடிந்து கிளம்பும்போது பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யார் கொன்னதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. சத்தியமா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"அடுத்த பாட்டில்ல சொல்றேன்."

இருபத்தொரு நாள் கழித்துப் போனபோது அந்த நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். நர்ஸ் இடவலமாகத் தலையை ஆட்டினாள்.

இதை என்னிடம் சித்தி ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். "சாகப்போறவளுக்கே சஸ்பென்ஸ் வெச்சவ நான். அதுலயும் கொடுமை என்னன்னா, யார் கொன்னதுன்னு எனக்கே தெரியாதுடா. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்."

அன்று வீட்டுக்கு வந்து, வாந்திக்கு நடுவில், கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதினாள். அவள் முடித்த முதல் கதை அப்படித்தான் முடிந்தது, வாலிலிருந்து தலைக்கு.

மருந்து முடிந்தது. முடி வளர்ந்தது. பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரியுமாம். "ஒவ்வொரு சுத்துக்கும் முகம் இளைச்சுக் கண்ணாடி நழுவும். ஆறு தடவை இறுக்கி வளைச்சேன். ஏழாவது தடவை அழுத்துதுன்னு தளர்த்தினேன். அப்பவே மூக்கு சொல்லிடுச்சு."

ஆனால் மூன்று பழக்கங்கள் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டன. அவள் கதைகளில் கொலை உண்டு, காய்ச்சல் கிடையாது. யாருக்கும் இருமல் கூட வராது. இரண்டாவது, அந்தப் பாட்டில். நர்ஸிடம் கேட்டு ஒரு காலிப் பாட்டிலையும் குழாயையும் வாங்கி வந்து சமையலறை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டாள். அதில் தண்ணீர் ஊற்றுவாள். கீழே ஒரு தொட்டிச்செடி. சொட்ட ஆரம்பித்ததும் எழுத உட்காருவாள், பாட்டில் தீர்ந்ததும் எழுந்துவிடுவாள். அதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்திருக்க வேண்டும். கதை முரண்டு பிடித்தால் குழாயில் இருக்கும் சின்னச் சக்கரத்தை நெருக்கிச் சொட்டை மெதுவாக்கிக்கொள்வாள். "இது ஒண்ணுதான் நான் பண்ற ஏமாத்து" என்பாள். அந்த நேரத்தில் வாசல் மணி அடித்தாலும் திறக்கமாட்டாள், போன் அடித்தாலும் எடுக்கமாட்டாள். எங்கள் வீட்டில் அத்தியாயத்துக்கே பாட்டில் என்றுதான் பெயர். "இந்த வாரப் பாட்டில் எப்படி?" என்று அம்மா போனில் கேட்பதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

மூன்றாவது, உறை. தொடர் ஆரம்பிப்பதற்கு முன்பே கடைசி அத்தியாயத்தை எழுதி, ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அசலை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பிவிடுவாள்.

"ஏன் சித்தி எனக்கு? இங்கேயே யார்கிட்டயாவது குடேன்."

"பக்கத்துல இருக்கறவங்க பிரிச்சுப் படிச்சுடுவாங்க. நீ பயந்தாங்கொள்ளி. தொடமாட்ட."

கட்டளை ஒன்றுதான். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, அடுத்த வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள இது ஆசிரியர் கையில இருக்கணும். அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போயிடும். முதல்ல அனுப்பு, அப்புறம் அழு. படிக்கறவங்க யாரும் முடிவு தெரியாம நிக்கக்கூடாது."

வருடத்துக்கு ஒரு முறை அவளுக்குச் சோதனை உண்டு. ரத்தமும் ஸ்கேனும். அந்த வாரம் மட்டும் இரண்டு தடவை கேட்பாள்: "கவர் பத்திரமா இருக்கா?" இருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் மெஷினுக்குள் போய்ப் படுப்பாள். பதினான்கு வருடத்தில் ஒன்பது தொடர், ஒன்பது உறை. ஒவ்வொரு தொடரும் முடிந்த பிறகு நான் உறையைப் பிரித்து, அச்சில் வந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒரு கால்புள்ளி மாறியிருக்காது.

அலமாரியில் இருந்தது பத்தாவது உறை. கதை இருபது வாரம் ஓட வேண்டியது. ஒன்பது வாரம்தான் ஆகியிருந்தது.

அங்கே மணி இரண்டு. நான் ஆசிரியருக்குப் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்டதும், "ஐயையோ! இருங்க சார், விசாரிச்சுட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்தார். அரைமணி கழித்து அவரே கூப்பிட்டார். குரல் கனத்திருந்தது.

"உண்மைதான் சார். ஆபீஸ் முழுக்க அதே பேச்சு."

ஆபீஸ் முழுக்க ஏன் அதே பேச்சு என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் அறையை விட்டு வெளியே வந்து, "எல்லாரும் கேளுங்க, நம்ம அம்மா போயிட்டாங்களாமே, உண்மையா?" என்று உரக்கக் கேட்டிருக்கிறார். நான் அனுப்பிய வதந்தி அந்த ஆபீஸை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உறுதிச் செய்தியாக என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

உறையைப் பிரித்தேன். அவசரத்தில் அவள் கையெழுத்து நடுவில் கிழிந்தது. பவர் சீட்டுகள் பதினான்கு. ஒவ்வொன்றையும் படம் பிடித்து அனுப்பினேன். எழுத்தைப் படிக்கவில்லை, படிக்கத் தெம்பில்லை. நாலே முக்காலுக்கு, "கிடைத்தது" என்று பதில் வந்தது. பிறகு அழுதேன். அவள் சொன்ன வரிசையில்.

மறுநாள் காலை ஒரு தெரியாத எண்ணிலிருந்து தங்கை.

"அண்ணா! சித்தியோட மாடி வீட்டம்மா போன்லேர்ந்து பேசறேன். சித்தி துக்கத்துக்குப் போயிருக்கா!"

"துக்கமா?"

"சித்தியோட துக்கம் இல்ல அண்ணா, அடுத்தவங்க துக்கம்! கடை முதலாளியோட அண்ணன் தவறிட்டாராம். இவளும் அவங்க குடும்பத்தோட வேன்ல போயிருக்கா. போனைக் கடையிலயே சார்ஜ் போட்டு மறந்து வெச்சுட்டுப் போயிட்டாளாம். நாளைக்குக் காலையில வந்துடுவா."

நான் சிரித்தேனா அழுதேனா என்று நினைவில்லை. அடுத்த நிமிடம் ஆசிரியருக்குப் போட்டேன்.

"சார், சித்தி உயிரோட இருக்காங்க."

அங்கே ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சார், இதழ்க் கட்டெல்லாம் லாரி ஏறிடுச்சு சார்."

சனிக்கிழமை காலை வேனிலிருந்து இறங்கிய சித்தி, வழக்கம்போல முனைக் கடையில் இதழை வாங்கியிருக்கிறாள். கடைக்காரர் அவளைப் பார்த்து இரண்டடி பின்னால் போனாராம். அட்டையில் கறுப்புக் கட்டத்துக்குள் அவள் படம். உள்ளே அரைப் பக்கத்துக்கு 'ஒப்பற்ற எழுத்தாளர்', 'ஈடு செய்ய முடியாத இழப்பு'. அதற்கடுத்த பக்கத்தில், பத்தாவது அத்தியாயம் இருக்க வேண்டிய இடத்தில், இருபதாவது.

தங்கையின் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏண்டா நடுக்கம், நான் செத்து மூணு நாளாச்சாமே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சித்தி..."

"அழாதடா. அழறதுக்கு நான் செத்திருக்கணும். சரி, அந்தப் படம் யார் குடுத்தது? கண்ணாடி கோணலா இருக்கு. கண்ணாடிக் கடையில வேலை பாக்கறவ கோணக் கண்ணாடியோட செத்தா ஊர் சிரிக்காது?"

"சித்தி, முடிவை நான்..."

"அதுதான். பதினோரு வாரம் பாக்கி. கொன்னது மருந்துக்கடைக்காரன்னு இப்ப ஊருக்கே தெரியும். நான் இனிமே என்னத்தை எழுதறது? 'அவன்தான்'னு பதினோரு தடவையா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் அத்தியாயம் வரவில்லை. இதழில், 'எழுத்தாளர் நலமாக உள்ளார், தவறுக்கு வருந்துகிறோம்' என்று ஒரு பெட்டிச் செய்தி மட்டும் வந்தது. அடுத்த வாரமும் இல்லை.

நான் தினமும் வீடியோவில் கூப்பிட்டேன். போனைச் சமையலறை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு அவள் ஏதாவது செய்துகொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால் தெரியும் ஜன்னல்தான் என் கண்ணில் படும். பாட்டிலில் எப்போதும் தண்ணீர் இருந்தது. காலையில் கேட்டாலும் சொட்டிக்கொண்டிருந்தது, மாலையில் கேட்டாலும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு எத்தனை பாட்டில் சித்தி?"

"அஞ்சு."

"எத்தனை பக்கம்?"

"செடியைக் கேளு."

செடியின் கீழ் இலைகள் மஞ்சளடித்திருந்தன. தொட்டியிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் ஓடியது. வேர் அழுகிவிடும் என்று எனக்கு ஒரு பயம். அதைவிட, ஒரு மனுஷி பதினான்கு வருடமாக நடந்து வந்த பலகையை நான் உருவிவிட்டேன் என்று பயம். முடிவு எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அவளால் ஒவ்வொரு வாரமும் எழுத முடிந்தது.

"புதுசா ஒரு முடிவு எழுதி எனக்கு அனுப்பிடேன் சித்தி. தீ வெச்சாலும் பிரிக்கமாட்டேன்."

"வரமாட்டேங்குதுடா. உக்காந்து யோசிச்சா, எந்த முடிவும் அட்டையில கறுப்புக் கட்டம் போட்ட மாதிரியே தெரியுது."

அன்று அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவது வாரம் கடைக்கு ஒரு பஸ் பரிசோதகர் வந்தார். ஓய்வு பெற்றவர். கண்ணாடியின் ஒரு கை உடைந்து, அதற்குப் பதிலாக ஒரு ரப்பர் பேண்டைக் காதில் மாட்டியிருந்தார். பரிசோதகருக்கே உரிய குரலில், கவுண்டருக்கு மேலே எட்டிப் பின்னறையைப் பார்த்துக் கேட்டாராம்:

"அந்தத் தொடர்கதை எழுதற செத்துப்போன அம்மா இங்கதானே வேலை பாக்கறாங்க?"

"நான்தான். என்ன வேணும்?"

"கண்ணாடிக்குக் கை வேணும். அதோட ஒரு புகார். அந்த மருந்துக்கடைக்காரன் கொலை பண்ணலம்மா."

"பண்ணினான். நான்தானே எழுதினேன்."

"எழுதினீங்க. நாலாவது வாரத்துல அவனுக்கு என்ன கண்ணாடி மாட்டினீங்க? ரெட்டைப் பவர். மேல தூரப் பார்வைக்கு, கீழ படிக்க. இந்தாங்க, என்னோடதும் அதேதான். கடைசியில அவன் என்ன பண்றான்? இருட்டறையில நின்னு, தலையை ஆட்டாம, கண்ணை மட்டும் உயர்த்தி, மேல்தட்டு விஷப் புட்டியில பொடி எழுத்தைப் படிக்கிறான். எப்படிப் படிப்பான்? ரெட்டைப் பவர் போட்டவன் மேல்தட்டுல எதையாவது படிக்கணும்னா கோழி தண்ணி குடிக்கிற மாதிரி தலையைத் தூக்கணும். முப்பது வருஷம் ஓடற பஸ்ல நின்னு டிக்கெட் பாத்தவன் நான், எனக்குத் தெரியாதா?"

சித்தி கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தாள். இருபத்தைந்து வருடமாக ரெட்டைப் பவர் லென்ஸ் தேய்க்கிறவள். கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதி ஒட்டி எனக்கு அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்து நாலாவது அத்தியாயத்தில், போகிற போக்கில், அந்த ஆளுக்கு ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டாள். தன்னிடம் இருக்கும் நகலைக் கடைசி வாரம் வரை எடுத்துப் பார்க்கும் வழக்கமே அவளுக்கு இல்லை.

பரிசோதகருக்குக் கண்ணாடிக் கை மாற்றிக் கொடுத்து, லென்ஸைத் துடைத்துக் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினாளாம். போகும்போது அவர் திரும்பி, "அப்ப யாரும்மா கொன்னது?" என்று கேட்டிருக்கிறார்.

"தெரியலைங்க" என்றாளாம் சித்தி. "நிஜமாவே தெரியல."

அன்று மாலை என்னைக் கூப்பிட்டபோது மூச்சு வாங்கியது.

"டேய்! அதே வார்த்தைதான்டா அந்த நீச்சல்காரம்மா கேட்டப்ப நான் சொல்லியிருக்கணும். தெரியலைன்னு. சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேந்து யோசிச்சிருப்போம். அவங்க கண்டுபிடிச்சிருந்தாலும் கண்டுபிடிச்சிருப்பாங்க, நல்ல மூளை. சரி வை, பாட்டில் ஊத்திட்டேன்."

அடுத்த இதழில் பத்தாவது அத்தியாயம் வந்தது. கண்ணாடி ரிப்பேர்க்காரி கடை வாசலில் உட்கார்ந்து ஒரு வார இதழைப் புரட்டுகிறாள். அதில் தன் கதையின் முடிவையே படிக்கிறாள். வாய்விட்டுச் சிரிக்கிறாள். "பாவம், இந்த எழுத்தாளரம்மாவுக்கு அவசரம்" என்கிறாள். "அந்த மனுஷன் போட்டிருக்கறது ரெட்டைப் பவர். அவரைத் தூக்குல போட்டா நான் கடையை மூடிடணும்." அந்த வாரம் இதழ் சனிக்கிழமை மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. ஆசிரியர் நெகிழ்ந்துபோய் தொடருக்கு ஒதுக்கியிருந்த அரைப் பக்கத்தை முழுப் பக்கமாக்கினார். "ஒப்பற்ற எழுத்தாளர்னு நீங்களே அச்சடிச்சிருக்கீங்க, அப்புறம் அரைப் பக்கம் குடுத்தா எப்படி?" என்று சித்தி கேட்டதாகத் தகவல்.

"பாத்தியா சித்தி, நான் தப்பா அனுப்பினதாலதான் அந்தப் பிழை தெரிஞ்சுது" என்றேன்.

"ஆமாடா, வீட்டைக் கொளுத்திட்டு, வெளிச்சம் நல்லா இருக்குன்னு சொல்லு."

செடியின் மஞ்சள் இலைகளைக் கிள்ளிப் போட்டாள். இரண்டு வாரத்தில் புதுத் தளிர் தெரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு பாட்டில். பதினொன்று, பன்னிரண்டு, பதினைந்து என்று அத்தியாயங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு நான் கூப்பிடுவேன்.

"யாரு சித்தி?"

"தெரியலடா."

"சும்மா சொல்லு. எனக்குப் புது உறை எதுவும் வரலையே."

"வராது. ரெண்டு பேர் மேல சந்தேகம் இருக்கு. மூணாவதா உன்மேலயும் இருக்கு."

இந்த வாரத்துக்கு வருகிறேன். கடைசி அத்தியாயம். செவ்வாய்க்கிழமை அவளுக்கு வருடாந்திரச் சோதனையும் வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை முழுக்க நான் போன் பக்கத்திலேயே இருந்தேன், 'கவர் பத்திரமா இருக்கா' என்று கேட்பாள் என்று. கேட்கவில்லை. அலமாரியின் மேல்தட்டு காலியாக இருந்தது. பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக, முடிவு எங்கேயும் இல்லாமல் அவள் அந்த மெஷினுக்குள் போயிருக்கிறாள்.

செவ்வாய் மாலை நானே கூப்பிட்டேன்.

"எப்படி இருந்துது?"

"பதினாலு வருஷமா அதே மெஷின், அதே சத்தம். உள்ள படுத்திருக்கும்போது ஒரு யோசனை வந்துதுடா. எழுதிக்க முடியல, கையை ஆட்டக்கூடாதாம். வெளிய வந்ததும் மறந்துபோச்சு."

"ரிசல்ட்?"

"வியாழக்கிழமை மதியம்."

"கடைசி அத்தியாயம்?"

"அதுவும் வியாழக்கிழமைதான். ரெண்டையும் வெச்சுக்கிட்டு நான் சும்மா இருக்கேன், நீ ஏன்டா மூச்சு வாங்கற? ரிசல்ட் வாங்கிட்டு வந்து பாட்டில் ஊத்தறேன். நாலு மணிக்குள்ள முடிஞ்சுடும். முடிச்சதும் உனக்குத்தான் முதல் போன்."

இன்று வியாழன். அங்கே மணி நாலு இருபது. எனக்கு முன்னால் மேஜையில் ஒரு தூக்க மாத்திரையின் தாள் கிடக்கிறது, 'மிக அரிதாக' என்ற இடத்தில் அரைமணி நேரமாக நிற்கிறேன். போன் வரவில்லை. நாலு இருபத்தைந்துக்கு நானே அடித்தேன்.

மணி அடிக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வரவில்லையோ. வந்து, அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளோ. இல்லை, பாட்டில் சொட்டிக்கொண்டிருக்கிறதா? சக்கரத்தை நெருக்கி, சொட்டை இழுத்து, அந்தச் சின்ன ஏமாற்றைச் செய்துகொண்டிருக்கிறாளா? அப்படியென்றால் அவள் எடுக்கவே கூடாது.

முன்பெல்லாம் சித்தி போனை எடுக்காவிட்டால் எனக்கு ஒரு பயம்தான் இருக்கும். இப்போது இரண்டு. ரிசல்ட் என்ன, கொன்றது யார். இதில் எது முதல் என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள்.

தங்கையின் பெயர் திரையில் மேலே வந்து நிற்கிறது. 'அண்ணா, சித்திகிட்ட பேசினியா? எடுக்கமாட்டேங்கறா' என்று செய்தி. பதில் எழுத விரல் போனது. பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். இந்தத் தடவை என் வாயிலிருந்து ஒரு சொல் கிளம்பாது. ஆசிரியரின் எண்ணையும் பார்க்கவில்லை.

நாலு முப்பத்தொன்று. மறுபடி அடித்தேன். ஆறாவது மணி, ஏழாவது மணி. அங்கே சமையலறை மேடையில் அந்தப் போன் அதிர்ந்து அதிர்ந்து செடித் தொட்டியின் பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும். எடுக்காதே சித்தி என்றும் எடு சித்தி என்றும் சொல்லிக்கொண்டு காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறேன். அடித்துக்கொண்டே இருக்கிறது.